பூமியின் வெப்பமும் பொதுமக்களின் அச்சமும்

மண்ணுக்கு அடியில் வெப்பம் உண்டு என்பதை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தான். ஆனால் அதனைத் தெய்வத்தின் சீற்றமாகவோ அரக்கனின் ஆற்றலாகவோ அவன் கருதினானே ஒழிய, தனக்குப் பணிசெய்ய வல்ல சக்தியாகக் கருதினானல்லன். திருகோணமலைக்கு அருகேயுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள், இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்கு நீர் வேண்டி நிலத்தைக் குத்தியபோது தோன்றியவை என்ற கதை நம்மிடையே இன்றும் வழங்குகின்றது. 1904ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் லார்டரெல்லோ என்னும் ஊரில், நிலத்திலிருந்து பீறிட்டெழுந்த நீராவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை எரியச் செய்தனர். அன்று தொடங்கிய முயற்சி 1913இல் ஒரு மின்னிலையமாக வளர்ந்தது. இன்று ஐஸ்லாந்தில் பத்து வீடுகளுள் ஒன்பதைக் குளிரினின்று காப்பது பூமியின் வெப்பமே. கென்யாவின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி அவ்வெப்பத்திலிருந்தே பிறக்கின்றது.

நிலக்கரியின் புகையும் எண்ணெயின் விலையும் உலகை வாட்டும் இந்நாளில், புவிவெப்பச் சக்தியைப் பலர் ஆவலோடு நோக்குவதில் வியப்பில்லை. காற்று வீசாத நாளிலும் அது ஓய்வதில்லை. வெயில் இல்லாத இரவிலும் அது உறங்குவதில்லை. எனினும் அது சென்ற இடமெல்லாம் ஒரு விவாதமும் உடன் சென்றுள்ளது. நச்சுவாயு வெளிப்படும், நிலம் நடுங்கும், நீர் கெடும் என்று ஒரு சாரார் எதிர்க்கின்றனர். இவை யாவும் அறியாமையில் விளைந்த அச்சம் என்று மறுசாரார் ஒதுக்குகின்றனர். 'அது பாதுகாப்பானதா?' என்பதே இரு சாராரும் மோதிக்கொள்ளும் வினா. இது குறைபட்ட வினா என்பது நம் கருத்து. யாருக்குப் பாதுகாப்பானது? அதனைத் தீர்மானித்தவர் யார்? தீங்கு வரின் அதனைச் சுமப்பவர் யார்? இவற்றையும் சேர்த்துக் கேட்டாலன்றி முதல் வினாவுக்கு நேர்மையான விடை கிடைக்காது.

முதலில் உண்மைகளை நோக்குவோம். நிலத்தின் ஆழத்திலிருந்து எழும் நீராவியோடு ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயுவும் வெளிப்படுவதுண்டு. கூழ்முட்டையின் நாற்றம் கொண்ட வாயு அது. மிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதனைக் கண்டுகொள்ளும். ஆனால் செறிவு மிகுந்து உயிருக்கு ஆபத்தாகும் நிலையில் அவ்வாயு மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணுபவன் பெருந்தீங்கின் நடுவில் நிற்பவனாகவும் இருக்கலாம். எனவே 'நாற்றமடித்தால் ஓடிக்கொள்ளுங்கள்' என்று மக்களுக்குக் கூறுவது போதிய பாதுகாப்பாகாது. அளக்கும் கருவியும் எச்சரிக்கும் ஏற்பாடும் இன்றியமையாதன.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. நியூசிலாந்தின் றொட்டோருவா நகரம் இயற்கையான வெந்நீர் ஊற்றுகளின் மேல் அமைந்தது. அந்நகர மக்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வாயுவைச் சிறிய அளவில் சுவாசித்து வாழ்பவர்கள். அவர்களிடையே நடந்த ஆய்வுகள், நுரையீரலுக்கோ நினைவாற்றலுக்கோ தெளிவான தீங்கு நேர்ந்ததாகக் காட்டவில்லை. ஐஸ்லாந்தில் ஹெல்லிஷெய்டி மின்னிலையத்தின் வாயு தலைநகர்வரை வந்து நாறியபோது மக்கள் முறையிட்டனர். 2010இல் அரசு அவ்வாயுவுக்குச் சட்டபூர்வமான வரம்பு விதித்தது. பின்னர் அந்நிலையம் வாயுவை நீரில் கரைத்து மீண்டும் பாறைக்குள் செலுத்திக் கல்லாக உறையச் செய்யும் முறையைக் கைக்கொண்டது. தீங்கைக் குறைக்க வழியுண்டு என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அதே வாயு இந்தோனேசியாவில் என்ன செய்தது? 2021 ஜனவரி 25ஆம் நாள், வட சுமாத்திராவின் சொரிக் மராப்பி புவிவெப்ப நிலையத்தில் ஒரு கிணற்றைத் திறந்தபோது வாயு வெளிப்பட்டது. அருகிலிருந்த சிபங்கோர் ஜூலு கிராமத்தில் ஐவர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அத்தோடும் முடியவில்லை. 2022இலும் அதே நிலையத்தின் அயலில் மக்கள் மயக்கமுற்று மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்டனர்.

நிலத்தின் கதையும் இத்தகையதே. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், ஆழத்துப் பாறையை நீரின் அழுத்தத்தால் பிளக்க முயன்றபோது, 2006 டிசம்பரில் 3.4 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. வேலை உடனே நிறுத்தப்பட்டது. ஆராய்ச்சிக்குப் பின் திட்டமே கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போகாங் நகரில் 2017 நவம்பர் 15ஆம் நாள் நேர்ந்த நடுக்கம் 5.4 அளவினது. வீடுகள் சிதைந்தன, பலர் காயமுற்றனர். அந்நடுக்கத்தைத் தூண்டியது அயலிலிருந்த புவிவெப்பத் திட்டமே என்று அரசு நியமித்த ஆய்வுக் குழு 2019இல் அறிவித்தது. ஜேர்மனியின் ஸ்டாவ்பென் என்னும் சிற்றூரில் நிகழ்ந்ததோ வேறு வகையானது. 2007இல் நகர மண்டபத்துக்கு வெப்பம் வேண்டி ஏழு துளைகள் இட்டனர். நிலத்தடி நீர் அத்துளைகளின் வழியே ஒரு கனிமப் படையை அடைந்தது. நீர்பட்ட அப்படை சாந்துக்கல்லாக மாறி ஊதியது. ஊர் மெல்ல மெல்ல மேலெழுந்தது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளின் சுவர்கள் வெடித்தன. ஊரின் நன்மைக்கென்று இட்ட துளைகளே ஊரைப் பிளந்தன.

நமக்கு அருகிலுள்ள இந்தியாவிலும் இவ்விவாதம் எழுந்துள்ளது. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் நிறுவனம் ஒன்று புவிவெப்பத்தைத் தேடித் துளையிட்டு வந்தது. 2022 ஆகஸ்ட்டில் அங்கிருந்து வெளிப்பட்ட வெந்நீரும் கழிவும் பூகா ஓடையில் கலந்தன. சிந்து நதியை நோக்கிச் செல்லும் நீர் அது. ஆட்டு மந்தைகளோடு அலைந்து திரியும் சாங்பா மக்களின் மேய்ச்சல் நிலத்து நீர் அது.

இந்நிகழ்ச்சிகளை ஒருசேர வைத்து நோக்குகையில் ஓர் உண்மை புலனாகின்றது. ஐஸ்லாந்திலும் சுமாத்திராவிலும் வாயு ஒன்றே; அதன் இரசாயனக் குணமும் ஒன்றே. ஒரு நாட்டில் நாற்றமே முறைப்பாடாகிச் சட்டமாயிற்று. மற்ற நாட்டில் ஐந்து சாவுக்குப் பின்னரும் கிராமத்தவர் மீண்டும் மயங்கி விழுந்தனர். பொறியியல் நுணுக்கத்துக்கும் இவ்வேறுபாட்டில் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிலையத்தின் அயலில் வாழ்பவனின் சொல்லுக்கு எத்துணை மதிப்பு என்பதற்கு அதனினும் பெரிய பங்குண்டு. பாசலில் வாழ்ந்தவர்கள் வீட்டுக்கு உரிமையும் வாக்குக்கு வலிமையும் உடையவர்கள். அவர்களது சுவர் நடுங்கியபோது வேலை நின்றது. பாதுகாப்பு என்பது இயந்திரத்தில் மட்டும் உறைவதன்று. தீர்மானிப்பவனுக்கும் அதனைத் தாங்குபவனுக்கும் இடையிலுள்ள உறவிலும் அது உறைகின்றது.

இலங்கையில் புவிவெப்ப மின்னிலையம் எதுவும் இதுவரை எழவில்லை. நம் நாட்டில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மீள்வதாலேயே நம் வெந்நீர் ஊற்றுகள் தோன்றின என்பர் புவியியலாளர். மகாபெலஸ்ஸ, மகா ஓயா, கன்னியா முதலிய இடங்களிலுள்ள இவ்வூற்றுகள் ஆராயப்பட்டு வருகின்றன. நாளை ஒரு நாள் அங்கே துளையிடும் இயந்திரம் வந்து நிற்கலாம். அவ்விடங்களிலிருந்து விலகி மலையில் நிற்கும் வலப்பனையில் இருந்துகொண்டு நாம் இதனைப் பேசுவது ஏன் என்ற ஐயம் எழலாம். நிலத்துக்குள் ஒருவர் செய்யும் வேலை நிலத்துக்கு மேலே வேறொருவரின் வீட்டில் வெளிப்படும் என்ற பாடத்தை இம்மலைநாடு ஏற்கனவே கற்றுவிட்டது என்பதே அதற்கு விடை.

வலப்பனைக்குக் கிழக்கே ஓடும் உமா ஓயாவின் கதையை எடுத்துக்கொள்வோம். வெலிமடைப் பக்கத்தில் அவ்வாற்று நீரை அணைகளால் மறித்து, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மலையை ஊடறுத்துக் கொண்டுசென்று, கரந்தகொல்லையில் நிலத்துக்குள் அமைந்த நிலையத்தில் 120 மெகாவாற் மின்சாரம் பெறுவதும், வறண்ட தென்கிழக்குக்கு நீர் வழங்குவதும் அத்திட்டத்தின் நோக்கம். நோக்கத்தைக் குறைகூற யாருக்கும் மனம் வராது. ஆனால் 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் உடைத்துப் பாய்ந்தது. 2017இல் மீண்டும் பாய்ந்தது. மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017 ஜூனில் பண்டாரவளை வீதிகளில் மக்கள் பெருந்திரளாகக் கூடி நின்றனர். திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. சுரங்கம் இன்று மின்சாரம் தருகின்றது. அந்த மின்சாரத்தின் விலையில் வற்றிய கிணற்றின் விலையும் சேர்க்கப்பட்டதா என்பதே நீதியின் வினா.

இங்கே தோட்டத் தொழிலாளியின் நிலையைத் தனியே எடுத்துப் பேசவேண்டியுள்ளது. வீடு வெடித்தவனுக்கு இழப்பீடு தரும் கணக்கு வழக்கமாக எங்கே தொடங்குகின்றது? காணி உறுதியில் தொடங்குகின்றது. உறுதி உள்ளவன் இழந்தவன்; உறுதி இல்லாதவன் எதனை இழந்தான் என்று கணக்குப் புத்தகத்துக்குத் தெரியாது. இம்மலைக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்துவிட்டதை 2023இல் நினைவுகூர்ந்த மக்களுள் பெரும்பாலோர் தாம் வாழும் லயத்துக்கு உரிமையற்றவர்கள். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை முற்றாகத் தீர்வு காண 2003வரை காத்திருக்க நேர்ந்தது. உள்ளூராட்சிச் சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடச் சட்டத்திலிருந்த தடைகூட 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீங்கியது. இத்தகைய மனிதனின் பீலித் தண்ணீர் நின்றுபோனால் யாரிடம் எந்தப் பத்திரத்தைக் காட்டி அவன் முறையிடுவான்? பீலி அவனுடையதன்று, நிலம் அவனுடையதன்று, லயத்துச் சுவரும் அவனுடையதன்று. ஆனால் தாகம் அவனுடையது. குடத்தோடு மலையேறும் கால் அவன் மனைவியுடையது.

இதற்கு மறுப்பாக இரண்டு வாதங்கள் வழக்கமாக முன்வைக்கப்படுகின்றன. நாட்டின் பொது நன்மைக்காகச் சிலர் சிறிது துன்பத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்பது முதலாவது. சமுதாய நலத்தை விரும்பும் நமக்கு இவ்வாதத்தின் கவர்ச்சி நன்கு புரியும். தனியொருவரின் சிறு வசதிக்காகப் பலரின் நன்மை தடைபடலாகாது என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆனால் அந்தச் 'சிலர்' எப்பொழுதும் ஒரே வர்க்கத்தாராகவே அமைவது எப்படி? கென்யாவில் ஒல்காரியா நிலையத்துக்காக 2014இல் இடம்பெயர்க்கப்பட்டவர்கள் மாசாய் மக்கள்; முறைப்பாடு உலக வங்கிவரை சென்றது. நம் மலைகளில் பிறக்கும் நதிகள் நெடுங்காலமாக நாட்டுக்கு ஒளி கொடுத்துள்ளன; ஆனால் அம்மலைகளின் லயக் காம்பராக்களில் மண்ணெண்ணெய் விளக்குகள் தலைமுறைகளாக எரிந்தன. விரும்பித் தருவதே தியாகம். ஒருவன் எடுத்துக்கொள்ள மற்றவன் இழப்பதற்கு வேறு பெயர் உண்டு. பொது நன்மை என்ற சொல் உண்மையாக வேண்டுமாயின், சுமையும் பொதுவாக வேண்டும். சுமையைப் பகிர முடியாதவிடத்துச் சுமப்பவனுக்கு நன்மையில் முதற் பங்கு கிடைக்கவேண்டும்.

பொதுமக்களுக்கு விஞ்ஞானம் விளங்காது, ஆதலால் நிபுணரின் முடிவுக்கே விட்டுவிட வேண்டும் என்பது இரண்டாவது வாதம். நிபுணரின் அறிவை நாம் மதிக்கின்றோம். அதனை இகழ்பவன் முற்போக்காளன் ஆகான். ஆனால் கொஸ்லந்தை மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் மண்மலை இறங்கி அங்கிருந்த லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. நிபுணர் அறிந்திருந்தார், அறிவித்தும் இருந்தார். இருந்தும் அம்மக்கள் அங்கேயே இருந்தனர். பெரட்டுக்களத்துக்கு அருகில் அன்றிக் குடியிருக்க வேறு நிலம் இல்லாதவனுக்கு 'இடம்பெயர்' என்ற அறிவுரையால் என்ன பயன்? 2007 ஜனவரியில் வலப்பனைச் சரிவுகள் இறங்கியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டைப் பிளந்தபோதும் இதே வினா நம் முன் நின்றது. அறிவுக் குறைவைவிட அதிகாரக் குறைவே அதிகம் பேரைக் கொல்கின்றது.

மண் அசைவதைக் கண்டவனின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று சொல்வதற்கு முன் நாம் சற்று நிதானிக்கவேண்டும். அச்சத்துக்கும் அனுபவம் உண்டு. தம்மைக் கேளாமலே தம் வாழ்வு பற்றிய முடிவுகள் எடுக்கப்பட்டதைக் கண்ட மக்கள், அடுத்த முடிவையும் ஐயத்தோடு நோக்குவது பகுத்தறிவின் பாற்பட்டதே.

அதேவேளை, நம் பக்கத்தாருக்கும் ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. எல்லா அச்சமும் நியாயமான அச்சமன்று. மக்களின் பீதியை வாக்காக மாற்றிக்கொள்ளும் அரசியல்வாதி மக்களின் நண்பனல்லன். புவிவெப்பம் வேண்டாம், அணை வேண்டாம், காற்றாலையும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் மறுத்துவிட்டு இரவில் விளக்கேற்றுகிறவன், அவ்வொளி எங்கிருந்து வருகின்றது என்று கேட்கக் கடமைப்பட்டவன். நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலையம் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கின்றது. அதன் சாம்பலும் யாரோ சில ஏழைகளின் கூரையில்தான் விழுகின்றது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது முதலில் இருண்டவை மின்பிறப்பாக்கி வாங்க இயலாதவர்களின் வீடுகளே. மின்சாரம் இல்லாமையும் ஏழையையே வதைக்கின்றது. ஆதலால் 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல்லில் நம் கடமை முடிந்துவிடாது.

அப்படியாயின் நாம் வேண்டுவது யாது? துளையிடுவதற்கு முன்பே அயலிலுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் சுவர்களின் நிலையும் காற்றின் தூய்மையும் அளந்து எழுதப்பட வேண்டும். அவ்வேட்டின் பிரதி ஊராரின் கையிலும் இருக்கவேண்டும். அளப்பவர் துளையிடும் நிறுவனத்தின் சம்பளம் பெறாதவராக இருக்கவேண்டும். தீங்கு நேர்ந்தபின் 'உன் கிணறு எங்களால்தான் வற்றியது என்று நிரூபி' என்று ஏழையிடம் கேட்பது நீதியன்று. 'எங்களால் வற்றவில்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சார்ந்தது. காணி உறுதி இல்லாதவனும், வாழ்ந்து வந்தான் என்ற காரணத்தாலேயே இழப்பீட்டுக்கு உரியவனாக வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மறுக்கும் உரிமை வேண்டும். 'இல்லை' என்று சொல்ல இயலாதவனின் 'ஆம்' சம்மதமாகாது. நம் சட்டப்படி ஒரு பெருந்திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் கருத்துக்காக முப்பது நாள் திறந்து வைக்கப்படும். நல்ல ஏற்பாடே. ஆனால் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். பெரட்டில் அவள் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அந்தச் சம்பளத்தை இழந்து, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, நூற்றுக்கணக்கான பக்கங்களும் கலைச்சொற்களும் கொண்ட ஓர் அறிக்கையை அலுவலகத்தில் நின்று படித்து, எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் என்று நாம் அவளிடம் எதிர்பார்க்கின்றோம். அவள் வராவிட்டால் 'ஆட்சேபம் எதுவும் இல்லை' என்று எழுதிக்கொள்வது எளிது. அவ்வறிக்கை அவளுடைய தமிழில், அவளுடைய லயத்து இஸ்தோப்பில், வேலை முடிந்த மாலைப்பொழுதில் வாசித்து விளக்கப்படும் நாளிலேயே பொதுமக்கள் கருத்து என்ற சொல் பொருள் பெறும்.

இப்பணியில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்கு உண்டு. நிலத்தடி நீர் எவ்வாறு ஓடுகின்றது, வாயு எவ்வாறு பரவுகின்றது, பாறை எப்போது பிளக்கின்றது என்பவற்றை நாம் பரீட்சைக்காகக் கற்பிக்கின்றோம். அப்பாடமே தோட்டத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு பொறியியலாளரிடம் சரியான கேள்வி கேட்கும் ஆற்றலாக மாறவேண்டும். ஊரின் ஊற்றுகளைக் கணக்கெடுக்கவும், கிணற்று நீரின் மட்டத்தை மாதந்தோறும் குறித்து வைக்கவும் உயர்தர வகுப்பு மாணவர்களால் இயலும். அவ்வாறு எழுதிய ஒரு கொப்பி, நாளை ஏதேனும் ஒரு துளை இடப்படும்போது, உறுதி இல்லாதவனின் கையில் உறுதியாக விளங்கும்.

பூமியின் வெப்பம் யாருடைய தனிச்சொத்தும் அன்று. அது கன்னியாவில் குளிக்கும் யாத்திரிகருக்கும் உரியது. அந்நிலத்தின் மேல் வாழும் கூலிக்கும் உரியது. அதனை மனிதன் பயன்படுத்தட்டும், நன்கு பயன்படுத்தட்டும். ஆனால் அவ்வெப்பத்தில் குளிர்காய்பவர் ஒருவராகவும் சுடுபடுபவர் இன்னொருவராகவும் இருக்கும்வரை, 'பாதுகாப்பானது' என்று எழுதும் எந்த அறிக்கையின் அடியிலும் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இதில் கையெழுத்திட்டவரின் வீடு எங்கே இருக்கின்றது?